மிஸ் கொரினுக்குத் தெரியாத விலாசம்

1

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்குக் குடியுரிமை கிடைத்த வாரம் அது. அலபாமாவில் ஆஷ்பி என்ற சிற்றூரில் பதினோரு வருடமாக மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மதியம் கோர்ட் கட்டிடத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன் என்று ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்திருந்த வெர்னிட்டா டாலிவரிடம் பெருமையடித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மருந்துச் சீட்டில் டாக்டரின் எழுத்துப்பிழையையே திருத்திவிட்டு நீட்டுகிறவர்.

"தனியாவா போறீங்க?"

"ஆமா."

"அந்த மேஜைக்கு யாரும் தனியாப் போகக் கூடாது" என்று கைப்பையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கித் தட்டச்சு செய்தாள். வெர்னிட்டா முன்னால் குனிந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். "இவரைப் பதினோரு வருஷமா எனக்குத் தெரியும். மேப்பிள் தெரு. தபால்பெட்டி சாய்ஞ்சு நிக்கிற வீடு. ஜன்னலுக்குத் திரை கிடையாது, இவர் என்ன சமைக்கிறார்னு தெருவுக்கே தெரியும்."

"அதெல்லாம் தேவையில்ல, மேடம்."

"உங்களுக்குத் தேவையில்ல. எனக்குச் சொல்லணும்."

மொத்தம் நான்கு நிமிடம் ஆனது. வெளியே வந்ததும் கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த நான்கு நிமிடத்துக்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று வெர்னிட்டா எனக்குச் சொன்னார். அன்று மாலை கடையைத் திறக்க மறந்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"1964 ஜூன் மாதத்தின் ஒரு காலையில், செல்வத்தில் பிறந்து செல்வத்தில் வளர்ந்த கொரின் லெட்பெட்டரின் உள்ளத்தில் நீதியின் ஒளி —"

(இல்லை. ஒளியெல்லாம் வரவில்லை. அன்று காலை அவள் உள்ளத்தில் இருந்தது, பீச் பழம் போட்டுச் செய்த கேக் நடுவில் வேகவில்லையே என்ற கவலை.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"கொரின் வீட்டில் பத்தொன்பது வருடம் சமைத்த ஓசெல்லா, மாவு பிசைந்துகொண்டே மனதுக்குள் —"

எழுதுவதையெல்லாம் ஆங்கிலத்திலும் எழுதி வெர்னிட்டாவிடம் காட்டுவேன்; இதை அவர் அடித்தார். ஓசெல்லா அவருடைய அம்மா. "எங்கம்மா மண்டைக்குள்ள நானே போனதில்ல. நீங்க செருப்போட நுழையாதீங்க."

அப்படியானால் யார் மண்டைக்குள் போவது என்று கேட்டேன்.

"மிஸ் கொரின் மண்டைக்குள்ள போங்க. அப்போ அங்க எடம் நெறைய இருந்துச்சு."

ஆக, இந்தக் கதை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் தோளுக்கு மேலிருந்து பார்ப்பதற்குக் காரணம் என் இலக்கியக் கொள்கை அல்ல, இடவசதி.

3

கொரினுக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பாவுக்குப் பருத்திக் காடு, கணவன் ஹாலிஸுக்கு ஜின்னிங் மில். தன் சொல்லை யாரும் சந்தேகித்து அவள் பார்த்ததில்லை. தோட்டக் கழகத்தில் சேரப் பலருக்கும் பரிந்துரைக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒருமுறை அத்தை மகனின் வேட்டை நாய்க்கு வம்சாவளிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துகூடப் போட்டிருந்தாள்.*

கல்யாணமான எஜமானியையும் முதல் பெயரோடு 'மிஸ்' என்று கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. ஒரு சனிக்கிழமை, பட்டாணி உரித்துக்கொண்டே ஓசெல்லா கேட்டாள். "மிஸ் கொரின், திங்கக்கிழமை காலையில உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்கா?"

விஷயம் இதுதான். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து ஓசெல்லா வீட்டு வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. பதினைந்து வயது வெர்னிட்டா கறுப்பர் பள்ளிக்குப் போக நாலு மைல், திரும்பி வர நாலு மைல் நடந்தாள். அந்தப் பக்கத்துக்கு ஒரு பேருந்து கேட்டுப் பள்ளிக்கூட போர்டுக்கு மூன்று மனு போட்டாயிற்று. ஓட்டுப் போடுகிறவர்களின் மனுவைத்தான் போர்டு படிக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டுப் போடப் பெயர் பதிய வேண்டும். பெயர் பதிய, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் கூட வந்து, 'இவரை எனக்குத் தெரியும், இவர் பெயர் இது, இன்ன இடத்தில் குடியிருக்கிறார்' என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அந்த மாவட்டப் பட்டியலில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. சத்தியம் செய்ய வெள்ளைக்காரர்தான் வர வேண்டும்.

கொரின், "அதுக்கென்ன, வர்றேன்" என்றாள். பரிமாறும் தட்டைக் கடன் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி.

ஓசெல்லா அந்தக் கேள்வியை நான்கு வாரம் ஒத்திகை பார்த்திருந்தாள் என்பது கொரினுக்குத் தெரியாது. தப்பான எஜமானியிடம் கேட்டிருந்தால், பட்டாணி உரித்து முடிப்பதற்குள் வேலை போயிருக்கும்.

(* நாய் விஷயம் என் கற்பனை. கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தில் வெர்னிட்டா மூன்று நிமிடம் சிரித்தார். அதனால் நாய் இருக்கட்டும்.)

4

பதிவு அலுவலகம் மாதத்தில் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டும் திறக்கும். கொரின் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, பெரிய பச்சைக் காரை ஓட்டிவந்தாள். ஓசெல்லா பின் இருக்கையில். அங்கே அதுதான் வழக்கம். எஜமானி ஓட்டும்போதும் சமையல்காரி முன்னால் உட்காரக் கூடாது. முதலாளி டிரைவராகவும் வேலைக்காரி மகாராணியாகவும் தெரியும் ஒரே இடம் அந்தக் கார்தான் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மேஜையில் பதிவு அதிகாரி ஹோவர்ட் டாசெட். கொரினோடு சேர்ந்து ஞானஸ்நான வகுப்பில் தூங்கியவர். எழுந்து நின்று வரவேற்றார். விண்ணப்பதாரர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஓசெல்லா வாசலருகே நின்றாள்.

"எத்தனை வருஷமாத் தெரியும், மிஸ் கொரின்?"

"பத்தொன்பது." பெருமையாகவே சொன்னாள்.

"முழுப்பேரு?"

"ஓசெல்லா."

டாசெட் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். "ஓசெல்லா... அப்புறம்?"

கொரின் வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருடம் அந்தப் பெயரைப் படிக்கட்டுக்குக் கீழே நோக்கிக் கூப்பிட்டிருக்கிறாள். காய்ச்சலில் முனகியிருக்கிறாள். தன் அம்மா இறந்த மதியம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதாள். அதற்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"சரி, அது கெடக்கட்டும். எங்க குடியிருக்கா?"

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தார் ரோடு முடிகிற இடத்தில் கொரின் காரை நிறுத்துவாள். ஓசெல்லா இறங்குவாள். அதற்கு மேல் அவள் போனதில்லை. ஓசெல்லா அங்கே இறங்கிக் காற்றில் கரைந்து, மறுநாள் காலை சமையலறையில் மறுபடி உருவாகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருக்க வேண்டும்.

"ரயில் தண்டவாளத்துக்கு..." என்றாள்.

டாசெட் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. அதுதான் தாங்க முடியாமல் போனது. "வெக்கப்படாதீங்க மிஸ் கொரின். எங்க வீட்டம்மாவுக்கும் எங்க சமையக்காரி பேரு பாதிதான் தெரியும். குளிர்ச்சியா ஒரு கோக் குடிச்சிட்டுப் போங்க."

வேட்டை நாயின் தாத்தா பெயர் கொரினுக்கு அந்த நிமிடத்திலும் நினைவிருந்தது.

5

திரும்பினார்கள். தார் ரோடு முடிந்த இடத்தில் வழக்கம்போலக் கார் நின்றது. ஓசெல்லா இறங்கவில்லை.

"டாலிவர்" என்றாள் பின்னாலிருந்து. "நாப்பத்தேழுல இருந்து. கல்யாணத்துக்கு நீங்க ஒரு கண்ணாடித் தட்டு அனுப்புனீங்க. ஓரத்துல ஒடைஞ்சது."

"ஒடைஞ்சிருச்சா?"

"அனுப்பும்போதே."

கொரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். பிறகு, "இப்பவே உன் வீட்டைக் காட்டு. பாத்துட்டு மறுபடி போலாம்" என்றாள்.

"இன்னைக்கு வேணாம்."

"நான் என்ன விருந்தாளியா?"

"அதேதான், மிஸ் கொரின்." ஓசெல்லா கதவைத் திறந்தாள். "வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு லீவு. மூணு மணிக்கு வாங்க. சும்மா பாத்துட்டுப் போக வேணாம். கூப்பிட்டு வர்ற மாதிரி வாங்க."

(இங்கே ஒரு சங்கடம். இவர்கள் பேசிய ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'யூ'தான். தமிழில் எழுதும் நான் கொரின் வாயில் 'நீ' போடுவதா, 'நீங்க' போடுவதா என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் ஊர் வசதியாக மறைத்துவைத்திருந்ததை நம் மொழி மேஜைமேல் எடுத்து வைக்கிறது. நம் வீடுகளில் யார் யாருக்கு எது போடுகிறோம் என்ற கேள்வி இந்தக் கதைக்கு வெளியே. வெளியே என்றுதான் வைத்திருக்கிறேன்.)

6

வியாழன் மூன்று மணி. தேவாலயத்திலிருந்து மூன்றாவது வீடு. கொரின் கையில் கேக், இந்த முறை நடுவிலும் வெந்தது. முன்வாசலைப் பார்த்தாள். தன் வீட்டில் ஓசெல்லா பின்வாசல் வழியாகத்தான் வருவாள். நியாயம் என்றால் நியாயம் என்று கொரின் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கோழிகள் கலைந்தன. ஒரு குதிகால் சேற்றில் இறங்கியது.

"மிஸ் கொரின்" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எங்க வீட்ல வர்றவங்க முன்னால வருவாங்க."

அடுத்தது காபி. கொரின் வீட்டில் ஓசெல்லாவுக்கென்று ஒரு பழைய ஜாம் பாட்டிலும் விளிம்பு உதிர்ந்த நீலத் தட்டும் இருந்தன. கழுவும் தொட்டிக்கு அடியில், தனியாக. ஆகவே நான் எழுதினேன்:

"ஓசெல்லா ஜாம் பாட்டிலில் காபி ஊற்றி, கொரினின் முன்னால் 'டக்' என்று வைத்தாள். கொரினுக்குப் புரிந்தது."

எழுதி முடித்து எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். வெர்னிட்டா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அன்று அந்த மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து வெள்ளைக்காரி எப்படி வியர்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"எங்கம்மா வீட்ல கைப்பிடி ஒடையாத கப்பு ஒண்ணே ஒண்ணு. பாஸ்டர் வந்தா மட்டும் எறக்குவாங்க. அதுலதான் ஊத்துனாங்க. கேக்கை அந்தக் கண்ணாடித் தட்டுல வெச்சாங்க. ஒடைஞ்ச ஓரம் தன் பக்கமா இருக்குற மாதிரி திருப்பி வெச்சாங்க."

"மிஸ் கொரின் என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணுவாங்க? தட்டைப் பாத்தாங்க. அழுதாங்க. எங்கம்மா கண்டுக்கலை. 'காபி ஆறிரும்'னு சொன்னாங்க."

என்னுடைய பழிவாங்கலைவிட ஓசெல்லாவின் மரியாதை எவ்வளவு கூர்மையானது என்று நான் கற்றுக்கொண்ட இடம் இது. ஜாம் பாட்டிலை அப்படியே விட்டிருக்கிறேன். என் புத்தி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

7

மூன்றாம் திங்கள். டாசெட் எழுந்து நின்றார், சற்று மெதுவாக.

"முழுப்பேரு?"

"மிசஸ் ஓசெல்லா டாலிவர்."

பேனா நின்றது. பக்கத்து மேஜையின் தட்டச்சும் நின்றது. அந்த ஊரில் கறுப்புப் பெண்ணுக்கு 'மிசஸ்' கிடையாது. அறுபது வயது ஆனாலும் வெறும் பெயர்தான். மிகவும் வயதாகிவிட்டால் 'ஆன்டி' என்று சலுகை.

"மிசஸ்ஸா?"

"கல்யாணம் ஆனவங்களை அப்படித்தான் சொல்லணும்னு உங்கம்மா சொல்லித்தரலையா, ஹோவர்ட்?" கொரின் இப்படிக் கேட்டாள் என்று வெர்னிட்டா சொல்கிறார், ஓசெல்லா சொல்லக் கேட்டு. "பெத்தேல் சர்ச்சுக்கு மூணாவது வீடு. நம்பர் கிடையாது. முன்னால ரெண்டு நாற்காலி, ஒண்ணுல உக்காரக் கூடாது. பின்னால ஏழு கோழி. மூத்தவ பேரு வெர்னிட்டா, நாலு மைல் நடக்குறா, அதனாலதான் வந்திருக்கோம். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். கொரின் கையெழுத்திட்டாள். பிறகு ஓசெல்லாவுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தார். ஓசெல்லா தேறவில்லை. எந்தக் கேள்வியில் தவறினாள் என்று சொல்லும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

படியிறங்கும்போது கொரின் கேட்டாள். "இப்ப என்ன பண்றது?"

"ரெண்டு வாரம் கழிச்சுத் தெறப்பாங்க" என்றாள் ஓசெல்லா.

8

இந்த இடத்தில் கதாநாயகி வீராங்கனையாக மாறும் பகுதியை எழுதினேன். நல்ல பகுதி. தோட்டக் கழகத்திலிருந்து வந்த விலக்கல் கடிதம், தேவாலயத்தில் அவள் உட்காரும் வரிசை காலியாவது, சீட்டாட்டத் தோழிகள் தொலைபேசியை எடுக்காதது, ஹாலிஸ் ஆறு மாதம் கிளப்பில் சாப்பிட்டது, ஆறு மாதம் கழித்துக் கிளப்பும் அவரை ஒதுக்கியதும் வீட்டுக்கு வந்து, "ஓசெல்லா, கோழி இருக்கா?" என்று கேட்டது. இரண்டரைப் பக்கம்.

அதில் ஓரிடத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: (ஓசெல்லா வீட்டு முன்ஜன்னல் இரண்டு முறை கல்லால் உடைக்கப்பட்டது.)

வெர்னிட்டா என் பேனாவை வாங்கி அடைப்புக்குறிகளை மட்டும் அடித்தார். 

ஓசெல்லா வீட்டு முன்ஜன்னல் இரண்டு முறை கல்லால் உடைக்கப்பட்டது. இரண்டாம் முறை உள்ளே வெர்னிட்டாவின் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். ஓசெல்லா கண்ணாடி மாற்றவில்லை. பலகை அடித்துவிட்டு, அடுத்த திங்கள் படியேறினாள்.

இரண்டரைப் பக்கத்தைக் கிழித்தேன். மிச்சம் இதுதான்: பதினான்கு மாதம், முதல் திங்கள், மூன்றாம் திங்கள், கொரின் அந்த மேஜைக்கு வந்தாள். முதலில் ஓசெல்லாவுக்காக. பிறகு பெத்தேல் சர்ச்சின் பாடகர் குழுவுக்காக. பிறகு யார் கேட்டாலும். யாருக்காகச் சத்தியம் செய்வதானாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போய் முன்வாசல் வழியாக நுழைந்து காபி குடித்தாக வேண்டும் என்று ஓசெல்லா விதி வைத்தாள். கொரினுக்கு அறுபத்திரண்டு வீடுகள் தெரிந்தன. வயிற்றுப்புண்ணும் வந்தது. வரலாற்றுப் புத்தகம் இதைப் போராட்டம் என்று சொல்லும். ஊர், புத்தி பிசகிவிட்டது என்றது. ஓசெல்லாவிடம் கேட்டதற்கு, "பழகிட்டாங்க" என்றாளாம்.

கொரின் மீது நன்றி உண்டா என்று வெர்னிட்டாவிடம் ஒருமுறை கேட்டேன். கேள்வியைத் திருத்தப்போகிறார் என்று பயந்தேன். திருத்தவில்லை.

"எங்கம்மாவுக்கு அவங்க எதையும் தரல. அதை நல்லா எழுதுங்க. ஆனா அன்னைக்கு அந்த மேஜை முன்னாடி அவமானப்பட்டாங்க இல்ல, வேற யாராச்சும்னா வீட்டுக்குப் போய்ச் சமையக்காரியை வேலைய விட்டு நிறுத்திருவாங்க. மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காது. இவங்க வியாழக்கிழமை கேக்கோட வந்தாங்க. அதுக்கு நன்றி உண்டு. இன்னைக்கும் உண்டு."

9

முடிவு.

1965 ஆகஸ்டில் புது வாக்குரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசின் அதிகாரி ஒருவர் தபால் நிலையத்தின் அடித்தள அறையில் மேஜை போட்டார். தேர்வு இல்லை. சாட்சி வேண்டாம். யாரும் யாரையும் தெரியும் என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. ஆக, கொரின் லெட்பெட்டர் போட்ட கையெழுத்துகள் எதுவும் கடைசியில் ஓசெல்லாவுக்குப் பயன்படவில்லை. நான் எழுதிய கதாநாயகிகளிலேயே இவ்வளவு முழுமையாகத் தேவைப்படாமல் போனவள் இவள்தான்.

ஆனாலும் அன்று காலை ஓசெல்லா கொரினுக்குத் தொலைபேசி செய்தாள். "ஒம்பது மணிக்கு வாங்க."

"என் கையெழுத்து இனி வேண்டாமே, மிசஸ் டாலிவர். நீங்க தனியாவே போலாம்."

"தெரியும். ஒம்பது மணிக்கு வாங்க."

தெருவுக்கு எதிர்ப்பக்கம், பலசரக்குக் கடை நிழலில் நின்று வெர்னிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கீழே இறங்கிப் போனாள். கொரின் மேலே, வெயிலில், கையுறையில்லாமல், இரண்டு கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் கழித்து அம்மா ஒரு சீட்டோடு மேலே வந்தாள். கொரினிடம் ஏதோ சொன்னாள். கொரின் சிரித்தாள், அல்லது அழுதாள். அந்தத் தூரத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இருவரும் பச்சைக் காரை நோக்கி நடந்தார்கள். பருத்தி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. யார் எந்த இருக்கையில் என்று வெர்னிட்டாவால் பார்க்க முடியவில்லை.

நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஓசெல்லா முன் இருக்கையில், கொரினுக்குப் பக்கத்தில். (அழகுதான். கொஞ்சம் சுவரொட்டி மாதிரி.) ஓசெல்லா வழக்கம்போலப் பின்னால், ஏனென்றால் அவளுக்குக் கால் நீட்ட அதுதான் வசதி. (வெர்னிட்டாவுக்குப் பிடித்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.) மூன்றாவதில் கொரின் பின்னால் ஏறிக்கொள்கிறாள், ஓசெல்லா ஓட்டுகிறாள். (ஓசெல்லாவுக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தெரியாது என்பதற்கும் இல்லை.)

அடுத்த தேர்தலில் போர்டு மாறியது. பள்ளியின் கடைசி வருடம் முழுக்க வெர்னிட்டா பேருந்தில் போனாள். இறங்கும்போதெல்லாம் டிரைவருக்கு நன்றி சொல்வாளாம். நன்றி போக வேண்டிய விலாசம் அது இல்லை என்று தெரிந்தும்.

கார் விஷயத்தை அம்மாவிடம் அவர் பலமுறை கேட்டிருக்கிறார். கடைசியாக, ஓசெல்லா படுக்கையில் இருந்தபோது.

"அன்னைக்கு எங்க உக்காந்தே, அம்மா?"

ஓசெல்லா கண்ணைத் திறக்காமலே சொன்னாளாம்: "கார்லதான்."

வாசகரே, கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. நான் இந்தப் பக்கம், லாரிக்குப் பின்னால். உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். முழுப்பெயரோடு.